அறுந்த பெல்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

பட்டறைப் பதில்கள்: வாசகர்களின் வண்டிக் கேள்விகளுக்கு மதுரை செல்லூர் மெக்கானிக் ஒருவர் பதில் சொல்கிறார்

கேள்வி: அண்ணே, எனக்குச் சொந்த ஊர் மேலூர். இப்போது கனடாவில் தண்டர் பே நகரத்தில் வேலை. போன குளிர்காலத்தில் பனியில் ஓட்டுகிற பழைய ஸ்னோமொபைல் ஒன்று வாங்கினேன். 1997 மாடல், ஃபேன் காற்றில் குளிரும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். ஒரே சீசனில் இரண்டு பெல்ட் போய்விட்டது. புது பெல்ட் போட்டால் கொஞ்ச நாள் ஓடுகிறது, அப்புறம் ரப்பர் கருகும் வாடை வருகிறது. முறுக்காமல் ஐட்லிங்கில் விட்டாலே வண்டி மெல்ல முன்னால் ஊர்கிறது. கிளம்பும்போது குதிக்கிறது. இங்கே ஒரு கடையில் இரண்டு கிளட்சையும் மாற்றச் சொல்கிறார்கள். வண்டி வாங்கிய விலையைவிட அது அதிகம். அப்பாவின் ஸ்கூட்டரை நீங்கள்தான் பார்ப்பீர்கள், அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன். அறுந்த பெல்ட்டுகளின் படமும் சர்வீஸ் புத்தகப் பக்கங்களும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அந்தப் பெல்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் படம் எடுத்தீர்கள் பாருங்கள் தம்பி, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

நான் தொழில் பழகிய பட்டறையில் எங்கள் மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. பெல்ட் அறுந்து ஸ்கூட்டர் வந்தால் முதலில் ஸ்பானரை எடுக்க மாட்டார். தரையில் பேப்பரை விரித்து, அறுந்த பெல்ட்டை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போடுவார். ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு இழு இழுப்பார். நல்ல பெல்ட்டில் நகம் சொரசொரவென்று பிடிக்கும். வழுக்கி வழுக்கி ஓடியதில் நகம் கண்ணாடியில் போவதுபோல் போகும். “புல்லியில கோளாறு, பெல்ட் மேல கை வைக்காதே” என்பார். எனக்கு அப்போது 16 வயது. இன்றைக்கும் நான் பெல்ட்டை அப்படித்தான் பார்க்கிறேன்.

பனி வண்டி என்றாலும் அடிப்படை நமக்குப் பழகியதுதான். 1958-ல் நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி ரப்பர் பெல்ட்டிலேயே ஓடும் சின்னக் காரைக் காட்டியது. நம் ஊருக்கு 1984-க்குப் பிறகு கைனடிக் ஹோண்டா அதே ஏற்பாட்டோடு வந்தது. முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவில் ஒரு பெல்ட். இன்ஜின் வேகம் ஏற ஏற முன் புல்லியின் இரண்டு தட்டுகளும் நெருங்கிப் பெல்ட்டை மேலே தள்ளும். பின் புல்லியின் தட்டுகள் விலகிப் பெல்ட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். கியர் போடுகிற வேலை அங்கேயே நடந்துவிடுகிறது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, உங்கள் வண்டியில் பெல்ட் சீக்கிரம் சாவதற்குக் காரணமும் அதுதான். நம் ஸ்கூட்டரில் பெல்ட் எப்போதும் பிடித்தபடிதான் சுற்றுகிறது. கிளம்பும்போது வழுக்கிப் பிடிக்கிற வேலையைப் பின்னால் இருக்கிற கிளட்ச் ஷூ பார்த்துக்கொள்ளும். ஸ்னோமொபைலில் அப்படித் தனி ஷூ கிடையாது. ஐட்லிங்கில் முன் புல்லியின் தட்டுகள் விலகி நிற்கும், பெல்ட் நடுவில் தளர்வாகக் கிடக்கும். இன்ஜின் 3,000, 4,000 சுற்றை எட்டும்போது உள்ளே இருக்கிற வெயிட்டுகள் வெளியே விரிந்து, தட்டை நெருக்கி, நிற்கிற பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும். கிளட்ச் வேலையையும் சேர்த்துப் பெல்ட்டே செய்கிறது. உங்கள் கடைக்காரர் கிளட்ச் என்று சொல்வது இந்த இரண்டு புல்லியைத்தான். கிளம்புகிற நேரத்தின் சூடு முழுவதும் அந்த ரப்பர் தலையில்தான்.

இப்போது உங்கள் முதல் பெல்ட்டைப் பார்ப்போம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் தேய்ந்து, உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கியிருக்கிறது. மற்ற இடமெல்லாம் அகலம் சரியாக இருக்கிறது. பெல்ட் நின்ற இடத்திலேயே நிற்க, முன் புல்லி மட்டும் சுற்றிச் சுற்றித் தேய்த்தால்தான் இப்படி ஆகும். நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை நான் சொல்கிறேன். ராத்திரி வெளியே நிறுத்தி, காலையில் அடியில் இருக்கிற ரப்பர் டிராக் தரையோடு உறைந்து ஒட்டியிருக்க, பிடுங்கிக்கொண்டு வரட்டும் என்று முறுக்கியிருப்பீர்கள். டிராக் அசையவில்லை என்றால் பின் புல்லியும் அசையாது, பெல்ட்டும் அசையாது. நாலைந்து விநாடி போதும், அந்த இடம் கருகிவிடும். அதற்கப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒல்லி இடம் புல்லிக்குள் வரும்போது ஒரு குதி குதிக்கும். கிளம்பும்போது குதிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதல் காரணம் இதுதான்.

இனிமேல் காலையில் இன்ஜினைத் தொடும் முன்பே வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி இறக்குங்கள், ஸ்கீ இரண்டையும் ஆட்டிப் பாருங்கள். டிராக் கையால் அசைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ராத்திரி நிறுத்தும்போது இரண்டு மரப்பலகை போட்டு அதன்மேல் ஏற்றிவிட்டால் பாதித் தொல்லை இல்லை. கடுங்குளிரில் பெல்ட்டும் விறைத்துக் கிடக்கும், அதனால் இன்ஜின் சூடானதும் முதல் கொஞ்ச தூரம் மெதுவாகப் போங்கள்.

இரண்டாவது பெல்ட் வேறு கதை சொல்கிறது. இடுப்பு ஒடுங்கவில்லை. இன்ஜின் பக்கத்து ஓரம் மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது, மறு ஓரம் புதுசு போல இருக்கிறது. இரண்டு புல்லியும் ஒரே நேரில் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 1997 வண்டியில் நான் முதலில் கை வைப்பது புல்லியில் இல்லை, இன்ஜின் உட்கார்ந்திருக்கிற ரப்பர் மவுண்டில். அந்த ரப்பர் வெடித்தோ கழன்றோ இருந்தால், வண்டி நிற்கும்போது எல்லாம் நேராகத் தெரியும். முறுக்கினால் பெல்ட்டின் இழுப்பில் இன்ஜினே திரும்பி, முன் புல்லி கோணிக்கொள்ளும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒரு கம்பியைக் கொடுத்து மெதுவாக நெம்பிப் பாருங்கள், டார்ச் அடித்து ரப்பரில் விரிசல் தேடுங்கள். மவுண்டை மாற்றிய பிறகுதான் நேர் பார்க்க வேண்டும். புத்தகத்தில் இரண்டு புல்லிக்கும் நடுவே உள்ள தூரமும், ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதும் கொடுத்திருக்கிறது. அந்த அளவுக்கு வாஷர் சேர்த்தோ எடுத்தோ கொண்டுவர வேண்டும். கண்ணளவில் வைக்காதீர்கள், மில்லிமீட்டர் கணக்கு இது.

ஐட்லிங்கில் ஊர்வதை மட்டும் ஒரு நாள்கூட விட்டுவைக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம். முதலில் ஐட்லிங் புத்தகத்தில் உள்ள அளவில் இருக்கிறதா பாருங்கள், அதிகம் வைத்திருந்தால் குறையுங்கள். அப்புறம் இன்ஜினை நிறுத்தி, இரண்டு புல்லிக்கும் நடுவில் பெல்ட்டின் மேல் ஒரு நேரான சட்டத்தை வைத்து, பெல்ட்டைக் கீழே அமுக்குங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் ஏறக்குறைய 32 மி.மீ. தொய்வு இருக்கும், உங்கள் புத்தகம் சொல்வதே கடைசி. பின் புல்லியில் பெல்ட்டின் முதுகு தட்டின் விளிம்புக்குச் சமமாகவோ துளி மேலாகவோ நிற்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் அது நன்றாகவே மேலே துருத்திக்கொண்டிருக்கிறது. அதாவது இறுக்கம் அதிகம். முன் புல்லி விலகி நின்றாலும் பெல்ட் உரசி இழுத்துக்கொண்டுதான் இருக்கும். பெல்ட்டின் நம்பரைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பார்வைக்கு ஒரே அளவில் இருக்கிற இரண்டு பெல்ட்டில் ஓரத்துச் சாய்வும் ரப்பரும் வேறாக இருக்கும். நம் ஊரிலும் “இதுவும் அதுவும் ஒண்ணுதான்” என்று கடையில் கொடுத்ததை மாட்டிவிட்டுத் திரும்ப வருகிறவர்கள் வாரத்துக்கு இருவராவது உண்டு.

கிளட்சை மாற்ற வேண்டுமா என்பதற்கு வருகிறேன். தட்டின் முகத்தில் நகத்தை நடுவிலிருந்து விளிம்பு வரை இழுங்கள். பள்ளம் எங்காவது நகத்தைத் தட்டினால் அந்தப் புல்லிக்கு ஆயுசு முடிந்தது. நகரும் தட்டைக் கையால் பிடித்து ஆட்டினால் லொடலொட என்று ஆடினால் புஷ் போய்விட்டது, அதை மட்டும் மாற்றலாம். இரண்டும் இல்லையென்றால் மிச்சம் இருப்பது ஸ்பிரிங்தான். இத்தனை வருஷத்தில் ஸ்பிரிங் சோர்ந்து குட்டையாகியிருக்கும். முன் ஸ்பிரிங் சோர்ந்தால் வேண்டிய சுற்று வரும் முன்பே கவ்வும். பின் ஸ்பிரிங் சோர்ந்தால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்காமல் வழுக்கவிடும், கருகல் வாடை வரும். இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து கிளட்ச் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். ஆனால் முன் புல்லியை நீங்களாகக் கழற்ற வேண்டாம். அதை இழுக்க அதற்கென்று உள்ள புல்லர் வேண்டும். மூடிக்குள் ஸ்பிரிங் அமுங்கி உட்கார்ந்திருக்கும், விட்டால் முகத்தில் அடிக்கும். அந்த ஒரு வேலையைக் கடையில் கொடுங்கள்.

கொடுக்கும்போது இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: முன் புல்லிக்குப் பின்னால் ஷாஃப்டில் நூல் சுற்றியிருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட் அறுந்தால் உள்ளே உள்ள நூல்கயிறு பிரிந்து போய் அங்கே சுற்றிக்கொள்ளும். அது ஷாஃப்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கிற கிராங்க் சீலை அறுத்துவிட்டால் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் அந்த வழியாகக் காற்றை உறிஞ்சும். பெட்ரோல் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். பெல்ட் அறுந்ததால் இன்ஜின் போன கதை இப்படித்தான் நடக்கிறது. இரண்டு பெல்ட் அறுந்த வண்டி உங்களுடையது, எனக்கு இதுதான் மனசில் உறுத்துகிறது.

சுத்தம் செய்வது சுலபம். தட்டுகளில் அப்பியிருக்கிற கருப்பு மாவை பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் லேசாகத் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். நெருப்பு பக்கத்தில் வேண்டாம், கதவு திறந்திருக்கட்டும். புது பெல்ட்டை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து மாட்டுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் வழவழப்பு போய்விடும். எழுத்து நீங்கள் நின்று படிக்கிற பக்கமாக இருக்கட்டும், அம்புக்குறி இருந்தால் அது சுற்றும் திசையைப் பார்க்கட்டும். முதல் 50 கிலோமீட்டர் முழுசாக முறுக்காதீர்கள், ஒரே வேகத்திலும் போகாதீர்கள். ஓரம் எங்கெங்கே உட்கார வேண்டுமோ அங்கெல்லாம் உட்காரட்டும். எண்ணெய், கிரீஸ், வழுக்காமல் இருக்க என்று விற்கிற ஸ்பிரே எதுவும் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பெல்ட் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருபோதும் முறுக்காதீர்கள். பெல்ட் இல்லாமலும் இன்ஜினை ஓட்டிப் பார்க்காதீர்கள். ஓட்டத்தில் அறுந்த பெல்ட் துண்டு காலில் பட்டவரை நான் பார்த்திருக்கிறேன், அது நம் ஊர் மாவு மில்லில்.

வேலை முடிந்ததும் எழுதுங்கள். மூன்றாவது பெல்ட் எப்படித் தேய்கிறது என்று ஒரு படம் அனுப்புங்கள், அறும் முன்பே பார்ப்போம்.

கேள்வி: என் 12 வருஷத்து கியர் இல்லாத ஸ்கூட்டரில் அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலை ஏற்றம் ஏறினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. இரண்டு மாதம் முன்புதான் பெல்ட் மாற்றினேன். — திருமங்கலம் வாசகர்

பதில்: பெல்ட் மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். முன் புல்லிக்குள் ரோலர்கள் இருக்கும், பெரும்பாலான ஸ்கூட்டரில் ஆறு. அவற்றை எடுத்து மேசைமேல் உருட்டிப் பாருங்கள். உருளாமல் தட்டுத் தட்டென்று நின்றால் ஒரு பக்கம் சப்பையாகிவிட்டது. ஆறையும் சேர்த்தே மாற்றுங்கள், பழசும் புதுசும் கலக்க வேண்டாம். பின் கிளட்ச் ஷூவையும் பாருங்கள், தேய்ந்தோ பளபளத்தோ இருந்தால் ஏற்றத்தில் அதுவும் வழுக்கும்.

இன்னொன்று, பெல்ட் ஓரத்தைத் தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டுகிறதா? ஒட்டினால் பின் புல்லியின் கிரீஸ் சீல் கசிகிறது. சீல் மாற்றாமல் எத்தனை பெல்ட் போட்டாலும் அழகர்மலை ஏறாது.

கேள்வி: மழையில் ரயில்வே சுரங்கப்பாதைத் தண்ணீரில் ஸ்கூட்டரை ஓட்டி வந்தேன். வெளியே வந்ததும் முறுக்கினால் சத்தம் வந்தது, வண்டி நகரவில்லை. அரை மணி நேரம் கழித்துத் தானாகச் சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா? — ஒத்தக்கடை வாசகி

பதில்: பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போய்ப் பெல்ட்டும் கிளட்ச் ஷூவும் நனைந்திருக்கிறது, காய்ந்ததும் பிடித்துக்கொண்டது. நல்ல வேளை, நீங்கள் விடாமல் முறுக்கிக்கொண்டே இருக்கவில்லை. ஆனால் விட்டுவிடாதீர்கள் அம்மா. சுரங்கப்பாதைத் தண்ணீரில் மண் இருக்கும். அது உள்ளே காய்ந்து உட்கார்ந்தால் உப்புத்தாள் மாதிரி பெல்ட்டை அரைக்கும். இந்த வாரத்துக்குள் மூடியைத் திறந்து, துடைத்து, பின் புல்லி பேரிங் சத்தம் போடுகிறதா என்று கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.