பல்லா, சைனஸா?

பல் மருத்துவம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு வயது 44. ஐந்து மாதமாக வலது மூக்கில் மட்டும் சளி. குனிந்து கோலம் போடும்போது மஞ்சளாக ஒழுகுகிறது, அழுகின நாற்றம் அடிக்கிறது. வீட்டில் மற்றவர்களுக்கு அந்த நாற்றம் தெரியவில்லை. சைனஸ் என்று மூன்று தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். சாப்பிடும் வரை நிற்கும், பத்து நாளில் திரும்ப வந்துவிடும். என் நாத்தனார், “பல்லையும் காட்டிடுங்க அண்ணி” என்கிறாள். எனக்குப் பல் வலியே இல்லை. அந்தப் பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு ஆறு வருடம் முன்பே வேர் சிகிச்சை செய்து கேப் போட்டாகிவிட்டது. வலிக்காத பல்லை எதற்குக் காட்ட வேண்டும்?
வாசகி, திண்டுக்கல்

பதில்: நாத்தனார் சொன்னதைக் கேளுங்கள் அம்மா. இந்த வாரமே காட்டுங்கள். ‘வலது மூக்கில் மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே என் கண் நின்றுவிட்டது. ஜலதோஷத்தோடு வரும் சைனஸ் பெரும்பாலும் இரண்டு பக்கமும் படுத்தும். ஒரே பக்கம், அழுகின வாடை, மருந்தை நிறுத்தினால் திரும்பி வருவது, மூன்றும் சேர்ந்தால் மேல் கடைவாய்ப் பல்லைப் பார்க்காமல் விடக்கூடாது.

கன்னத்துக்குப் பின்னால், மேல்தாடை எலும்புக்கு உள்ளே ஒரு காற்றறை இருக்கிறது. அதைத்தான் சைனஸ் என்கிறோம். 1651-ல் ஆங்கில மருத்துவர் நத்தானியேல் ஹைமோர் அதை விரிவாக எழுதினார். அவர் பெயரைச் சொல்லித்தான் நாங்கள் கல்லூரியில் அதைப் படித்தோம். அந்த அறையின் தரைக்கு நேர் கீழேதான் மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள். நடுவில் இருக்கும் எலும்பு பலருக்கு அப்பளம் போல மெல்லியது. சிலருக்கு வெறும் சவ்வுதான். வேர் நுனியில் சீழ் வைத்தால் மேலே ஏறுவதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அறையின் வாசலோ மேலே இருக்கிறது. அதனால் சீழ் அடியில் தேங்கிக் கிடக்கும். நீங்கள் கோலத்துக்குக் குனியும்போது சொம்பைச் சாய்த்த மாதிரி வாசல் வழியாக வெளியே வருகிறது.

அப்படியானால் பல் ஏன் வலிக்கவில்லை? முதல் காரணம், வேர் சிகிச்சையில் பல்லின் நரம்பை எடுத்துவிட்டார்கள். இரண்டாவது, வேரடியில் சீழ் போக்கிடம் இல்லாமல் நெருக்கும்போதுதான் வலி உயிரை வாங்கும். சைனஸுக்குள் வழி கிடைத்துவிட்டால் பல் சத்தமே போடாது. மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் மூன்று, ஆனால் பெரும்பாலோருக்கு உள்ளே கால்வாய் நான்கு. நான்காவது தலைமுடி போல மெல்லியதாக, முன்பக்க வேரில் ஒளிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் விட்டுப்போயிருந்தால், மேலே எவ்வளவு அழகான கேப் இருந்தாலும் உள்ளே கிருமி குடியிருக்கும்.

சின்ன எக்ஸ்ரேயில் கன்ன எலும்பின் நிழல் வேர் நுனிமேல் விழுந்து மறைத்துவிடுவது உண்டு. ‘எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை’ என்றால் அதோடு திரும்பிவிடாதீர்கள். சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். அதில் பல்லும் சைனஸும் சேர்ந்தே தெரியும். பல்தான் காரணம் என்று தெரிந்தால் மறுபடி வேர் சிகிச்சை செய்யலாம், முடியாவிட்டால் எடுக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரை விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கச் சளிக்குப் பூஞ்சை, சதை வளர்ச்சி என்று வேறு காரணங்களும் உண்டு. மூக்கினுள் கேமரா விட்டு அவர்தான் பார்க்க வேண்டும். நடுவில் கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: வயது 23. ஒரு வாரமாகச் சளி, மூக்கடைப்பு. இடது பக்கம் மேலே நாலு பல்லும் வலிக்கிறது. எந்தப் பல் என்று சொல்லத் தெரியவில்லை. மாடிப்படி இறங்கினால் திம் திம் என்று இடிக்கிறது. ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டால் சரியாகுமா?
வாசகர், திருப்பூர்

பதில்: பிடுங்காதீர்கள் தம்பி. எந்தப் பல் என்று காட்டத் தெரியவில்லை, படி இறங்கினால் இடிக்கிறது, கூடவே மூக்கடைப்பு. இது பெரும்பாலும் சைனஸ் வலி. ஆனாலும் பல்லைச் சோதித்துவிட வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். பஞ்சு முனையில் குளிர் ஸ்ப்ரே அடித்தால் வெள்ளையாகப் பனி படியும். அதை முதலில் வலியில்லாத பக்கத்துப் பல்லில் வைத்து, “இப்படித்தான் இருக்கும், ஞாபகம் வெச்சுக்கோங்க” என்பேன். பிறகு வலிக்கிற பக்கம், ஒவ்வொரு பல்லாக. சுர்ரென்று பட்டு நாலைந்து விநாடியில் அடங்கினால் நரம்பு நன்றாக இருக்கிறது. பஞ்சை எடுத்த பிறகும் அரை நிமிடம் விண் விண்ணென்று தெறித்தால் நரம்பு புண்ணாகியிருக்கிறது. ஒன்றுமே தெரியவில்லை என்றால் அநேகமாகச் செத்துவிட்டது. அடுத்து, கண்ணாடியின் கைப்பிடியால் மெல்லத் தட்டுவேன். ஒரே பல்லில் துள்ளினால் அந்தப் பல்மேல் சந்தேகம். நாலும் ஒரே மாதிரி நொந்தால் மேலே இருக்கும் அறைமேல் சந்தேகம்.

நான் தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், ஒரு மழைக்காலத்தில், உங்களைப் போலவே சளியோடு ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். ஒரு பல்லில் பழைய அடைப்பு இருந்தது. அதுதான் என்று நினைத்து, குளிர் வைத்துப் பார்க்காமலே திறந்துவிட்டேன். உள்ளே அழுகல் இல்லை, வாடை இல்லை. நல்ல சிவப்புச் சதை. வலி அன்றும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. ஐந்தாம் நாள் மூக்கு திறந்து ஒழுகியதும் தானாக விட்டது. உயிரோடு இருந்த ஒரு பல்லின் நரம்பை அநியாயமாக எடுத்துவிட்டேன். அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து குளிர் வைக்காமல் மேல் பல்லில் டிரில்லைத் தொட்டதில்லை.

கேள்வி: அப்பாவுக்கு முந்தாநாள் மேல் கடைவாய்ப் பல் எடுத்தோம். வாய் கொப்பளித்தால் தண்ணீர் மூக்கு வழியாக வருகிறது. பயமாக இருக்கிறது.
வாசகி, நாகர்கோவில்

பதில்: பல் இருந்த குழிக்கும் சைனஸுக்கும் நடுவே வழி திறந்திருக்கிறது. பல் எடுத்தவரிடம் இன்றே கூட்டிப் போங்கள். சின்னத் துளை தானாக மூடும், பெரியதைத் தைக்க வேண்டும். அதுவரை அப்பா மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மட்டும். பீடி, சிகரெட் வேண்டாம், ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டாம். துளை இருக்கிறதா என்று பார்க்க மறுபடி மறுபடி கொப்பளிக்கச் சொல்லாதீர்கள்.