மழைக் கணக்கு படிக்க ஆசை... வேலை கிடைக்குமா?

கேள்வி: பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. அப்போது நான் எட்டாம் வகுப்பு. அன்றிலிருந்து வானிலை மேல் ஒரு பிடிப்பு. இப்போது அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். பருவநிலை ஆராய்ச்சி, வானிலை டேட்டா என்று போக ஆசை. அப்பாவோ, "ஐ.டி. கம்பெனியில் சேரும்மா, அதில்தான் சம்பளம் நிச்சயம்" என்கிறார். சீனியர் அக்கா ஒருவர், "இனிமேல் ஏ.ஐ.யே வானிலை சொல்லிவிடும், அதைப் போய்ப் படிப்பாயா?" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் அப்பாவைப் பற்றி. தென்னங்கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை தோப்பிலிருந்து ஒரு ரூபாய் வராமல் குடும்பத்தை ஓட்டியிருப்பார். அவர் 'நிச்சயம்' என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆசையை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள், கணக்கையும் சொல்லுங்கள்.

கணக்கு இதுதான். வெறும் பி.எஸ்சி.யை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியாளர் ஆக முடியாது. எம்.எஸ்சி. 2 வருஷம், அப்புறம் பிஎச்.டி. எப்படியும் 5 வருஷம். ஆனால் பிஎச்.டி.க்கு நாம் பணம் கட்டிப் படிக்கத் தேவையில்லை. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் 'புவி, வளிமண்டலம், கடல், கோள் அறிவியல்' என்று ஒரு பாடமே இருக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் 2 வருஷம் மாதம் 37,000 ரூபாய், அதற்குப் பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. இதை அப்பாவிடம் எழுதிக் காட்டுங்கள். நடுவில் இருக்கும் எம்.எஸ்சி. 2 வருஷம்தான் உங்கள் வீட்டுக்குக் கஷ்டமான காலம். அதை எப்படிச் சமாளிப்பது என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து பேசுங்கள்.

எம்.எஸ்சி. எங்கே? கொச்சிப் பல்கலைக்கழகத்திலும் (குசாட்) விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் வானிலையியலுக்கென்றே எம்.எஸ்சி. உண்டு. ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. ஒன்றில் இயற்பியலே படித்துவிட்டு, பிஎச்.டி.யில் வளிமண்டல அறிவியலுக்கு மாறுகிறவர்களும் நிறைய. என்னைக் கேட்டால் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். இயற்பியலில் அஸ்திவாரம் பலமாக இருந்தால் பிறகு எந்தப் பக்கமும் போகலாம்.

படித்து முடித்தால் இந்திய வானிலைத் துறை, புனேயில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், நொய்டாவில் முன்னறிவிப்பு மையம், ஹைதராபாத்தில் கடல் தகவல் மையம், நம் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் என்று இடங்கள் உண்டு. வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் வேலைக்கு பி.எஸ்சி.யே போதும். ஆனால் மத்திய அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வாணையம் அதற்கு எப்போதாவதுதான் அறிவிப்பு விடுகிறது. 2017-க்குப் பிறகு 2022-ல்தான் வந்தது. அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். தனியாரிலும் வேலை இருக்கிறது. முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். நாளை எவ்வளவு மின்சாரம் வரும் என்பதை ஒரு நாளுக்கு 96 துண்டாக, 15 நிமிடத்துக்கு ஒன்று வீதம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதிகம் பிசகினால் அபராதம். அந்தக் கணக்கைப் போட காற்றும் தெரிந்து, கோடிங்கும் தெரிந்த ஆள் வேண்டும். பயிர்க் காப்பீட்டிலும் இதே தேவைதான்.

இனி உங்கள் சீனியர் சொன்னது. அதில் பாதி உண்மை. கூகுளின் கிராஃப்காஸ்ட், ஹுவாவேயின் பாங்கு-வெதர் ஆகிய ஏ.ஐ. மாடல்கள் புயல் எந்தப் பக்கம் போகும் என்பதை நன்றாகவே சொல்கின்றன. ஐரோப்பிய வானிலை மையமும் 2025 பிப்ரவரியில் தன் ஏ.ஐ. மாடலை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் இவை எதைப் படித்து வளர்ந்தன? அந்த ஐரோப்பிய மையம் தொகுத்து வைத்திருக்கும் 'எரா-5' என்ற பழைய வானிலைக் களஞ்சியத்தை. பூமியைச் சுமார் 30 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எண் என்று மணிக்கு மணி போட்ட கணக்கு அது.

இப்போது 2023 டிசம்பர் 18 காலையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷத்துக்கே அவ்வளவு கிடையாது. பக்கத்தில் இருக்கும் திருச்செந்தூரில் 69. இரண்டு ஊரும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடக் கூடிய தூரம்தான். கட்டத்துக்கு ஓர் எண் என்று வைக்கும்போது அந்த 95 கரைந்து போகிறது. கரைந்துபோன மழையைப் படித்த மாடல் 95 வரும் என்று எப்படிச் சொல்லும்? அந்த இடத்தில்தான் மழைமானியில் இருப்பதையும் கட்டத்தில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இங்கே இதை நம்பாதே' என்று சொல்லத் தெரிந்த மனிதர் தேவைப்படுகிறார். அப்படிப்பட்டவர்கள் நம் கடற்கரைக்குப் போதவில்லை என்பது என் பெரிய கவலை. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த அன்னா மணியைப் பற்றித் தேடிப் படியுங்கள். 1948-ல் புனே வானிலை அலுவலகத்தில் சேர்ந்தவர். ஏறக்குறைய நூறு வானிலைக் கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இங்கேயே செய்ய வழி செய்தார். அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே வாழ்ந்தவர் என்று சொல்லலாம்.

சேரப் போகும் வரை சும்மா இருக்க வேண்டாம். பைத்தான் கோடிங்கில் டேட்டாவைக் கையாள உதவும் பாண்டாஸ், எக்ஸ்-அரே இரண்டும் பழகுங்கள். புள்ளியியலை அலட்சியம் செய்யாதீர்கள். புனே வானிலை அலுவலகத்தின் இணையதளத்தில் 1901 முதல் தினசரி மழைக் கணக்கு இலவசமாகக் கிடைக்கிறது. எரா-5-ம் இலவசம்தான். இரண்டையும் இறக்கி, உங்கள் ஊர் இருக்கும் கட்டத்தை மட்டும் வெட்டி எடுங்கள். புனே கணக்கில் மைனஸ் 999 என்று வந்தால் அது மழை இல்லை, 'அளவு இல்லை' என்பதற்கான குறி. நான் முதல் தடவை அதையும் சேர்த்துச் சராசரி போட்டு, மழை மைனஸில் வந்ததைப் பார்த்து ஒரு முழு நாள் புரியாமல் திருதிருவென்று விழித்திருக்கிறேன். நீக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

பிறகு கஜா இரவை எடுங்கள். நம் ஊர் மழைமானியைக் காலை 8.30 மணிக்குத்தான் அளப்பார்கள். முந்தின நாள் 8.30-லிருந்து பெய்தது எல்லாம் அன்றைய தேதியில் ஏறும். எரா-5-ல் கிரீன்விச் நேரம். நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்துக்கொள்ள வேண்டும். ஆகவே எரா-5-ஐ அப்படியே நாள் வாரியாகக் கூட்டினால் புனே கணக்கோடு ஒத்துப்போகாது. அதன் 3 மணியிலிருந்து மறுநாள் 3 மணி வரை கூட்டினால்தான் நம் எட்டரைக் கணக்கு வரும். கூட்டிப் பார்த்துவிட்டு, என்ன வித்தியாசம் வந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். சேர்க்கை நேர்காணலுக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைக் கையில் கொண்டுபோங்கள்.

அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். கஜா கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் 16 என்றுதான் நினைவிருக்கும். எரா-5-ல் அந்த நேரத்தைத் தேடினால், உங்கள் தோப்பு சாய்ந்த காற்று 15-ஆம் தேதிக்குள் இருக்கும்.