சோடிச் சொல் பாடம், ஆனாலும் விடை பிழை: ஏன்?

கேட்டிருப்பது இதுதான்: "ஆங்கில இலக்கணச் சோதனைகளில் போத்–அன்ட், ஐதர்–ஓர், நைதர்–நோர், நொட் ஒன்லி–பட் ஓல்சோ வந்தால் எப்போதும் பிழை விடுகிறேன். சோடிகள் எல்லாம் பாடம். இனி என்ன செய்யலாம்?"

சோடிகளைப் பாடமாக்கியதோடு நிறுத்தியதுதான் பிரச்சினை. நானும் அப்படி நின்றவன்தான். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ரியூசன் வகுப்பில் இவற்றை வாய்ப்பாடு மாதிரி ஒப்புவிக்க வைத்தார்கள். நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் நைதருக்கு நோர் என்று சொல்லியிருப்பேன். பிறகு ஒரு புலமைப்பரிசிலுக்காக டோஃபல் ஐடிபி (TOEFL ITP) என்ற ஆங்கிலச் சோதனை எழுத ஆயத்தமானபோது, பயிற்சி வினாத்தாளில் இந்த வகைக் கேள்விகளில் பாதிக்கு மேல் பிழை. நைதரோடு 'ஓர்' (or) போட்டு ஏமாற்றுகிற கேள்வி எப்போதாவதுதான் வரும். அது சும்மா கிடைக்கிற புள்ளி. பொறி இருப்பது சோடிச் சொல்லில் இல்லை, அதற்கு அடுத்து நிற்கிற சொல்லில்.

விதி ஒரு வரிதான். முதற் சொல்லுக்குப் பின்னால் எந்த வகைச் சொல் அல்லது தொடர் நிற்கிறதோ, அதே வகைதான் இரண்டாம் சொல்லுக்குப் பின்னாலும் நிற்க வேண்டும். 'ஷி லைக்ஸ் போத் சிங்கிங் அன்ட் டு டான்ஸ்' பிழை. சிங்கிங் என்றால் டான்சிங். இதை எந்தப் புத்தகமும் சொல்லும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏன் கோட்டை விடுகிறோம் என்பதற்கு எனக்குக் கிடைத்த விளக்கம் தமிழில்தான் இருக்கிறது.

இந்த வசனத்தைப் பாருங்கள்: 'த பஸ் ஸ்டொப்ஸ் போத் அட் வெள்ளவத்தை அன்ட் பம்பலப்பிட்டி.' காதுக்குப் பிழையாகவே படாது. 100ஆம் இலக்க பஸ்ஸில் போகிற யாரும் இப்படிச் சொல்லலாம். இப்போது அதையே தமிழில் பிழையாகச் சொல்லிப் பார்ப்போம்: 'பஸ் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியும் நிற்கும்.' ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும். நம்முடைய எண்ணும்மை, அதாவது 'உம்', வேற்றுமை உருபுக்குப் பின்னால்தான் ஒட்டும். ஆகவே 'இல்' என்பதை இரண்டு தரமும் சொல்லியே ஆக வேண்டும்: வெள்ளவத்தையிலும், பம்பலப்பிட்டியிலும். நாம் நினைக்காமலே இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் போத் முன்னால் நிற்கிறது. அதனால் அங்கே இரண்டு வழி உண்டு. 'போத் அட் வெள்ளவத்தை அன்ட் அட் பம்பலப்பிட்டி' என்று 'அட்' என்பதை இரண்டு தரம் போடலாம். அல்லது 'அட் போத் வெள்ளவத்தை அன்ட் பம்பலப்பிட்டி' என்று 'அட்' என்பதை வெளியே எடுக்கலாம். கணிதத்தில் பொதுக் காரணியை அடைப்புக்கு வெளியே எடுப்போமே, அதேதான். வெளியே எடுக்காமல் உள்ளே ஒரு பக்கம் மட்டும் விட்டால் கணக்குப் பிழையாகிவிடும். இதைப் பிடித்த பிறகு போத்–அன்ட் எனக்குத் தொல்லை தரவில்லை.

ஐதர்–ஓர் அப்படியில்லை. காரணம், 'ஒன்றில்' என்ற நம்முடைய சொல். அது உம் மாதிரி எதிலும் ஒட்டாது, வசனத்தின் தலையில் போய் இருந்துகொள்ளும். 'ஒன்றில் நீ பஸ்ஸில் போ, இல்லாட்டி நட' என்கிறோம், யாருக்கும் உறுத்தாது. அதே பழக்கத்தில் 'ஐதர் யூ டேக் த பஸ் ஓர் வோக்' என்று எழுதிவிடுகிறோம். ஐதருக்குப் பின்னால் எழுவாயோடு முழு வசனம், ஓருக்குப் பின்னால் வெறும் வினை. 'யூ ஐதர் டேக் த பஸ் ஓர் வோக்' என்று ஐதரை உள்ளே தள்ளினால் சரி. 'ஐதர் யூ டேக் த பஸ் ஓர் யூ வோக்' என்றாலும் சரி. நொட் ஒன்லியிலும் இதே கதை. 'ஹீ நொட் ஒன்லி பிளேய்ஸ் கிரிக்கெட் பட் ஓல்சோ புட்போல்' என்பதில் ஒரு பக்கம் வினை, மறு பக்கம் பெயர். பிளேய்ஸை முன்னே கொண்டுவந்து 'ஹீ பிளேய்ஸ் நொட் ஒன்லி கிரிக்கெட் பட் ஓல்சோ புட்போல்' என்றால் முடிந்தது.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே பேச்சில் இதைக் கவனிப்பதில்லை. அந்தக் கிரிக்கெட் வசனத்தை மைதானத்தில் சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சோதனைக்கு மட்டும் அது பிழை. இது நியாயமா என்று என்னோடும் நிறையப் பேர் சண்டை பிடித்திருக்கிறார்கள். நியாயமோ இல்லையோ, புள்ளி அங்கேதான் இருக்கிறது.

சோதனை மண்டபத்துக்கு வருவோம். ஐடிபியின் இலக்கணப் பகுதியில் 25 நிமிடத்தில் 40 கேள்வி. ஒன்றுக்கு 40 செக்கன்கூட இல்லை, ஆகவே வசனம் முழுவதையும் விளங்கிக்கொண்டிருக்க நேரமில்லை. சோடியின் முதற் சொல்லைக் கண்டதும் அதன் கூட்டாளியைத் தேடுங்கள். இரண்டுக்கும் அடுத்து நிற்கிற சொற்களை மட்டும் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். முதல் 15 கேள்வி இடைவெளி நிரப்புவது. மிச்சம் 25 கேள்வியில் நான்கு இடங்களில் கீழ்க்கோடு போட்டிருப்பார்கள், அதில் பிழையானதைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒன்று: கீழ்க்கோடு இல்லாத பகுதி எப்போதும் சரி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். போத்துக்குப் பின்னால் உள்ளதன் கீழே கோடு இல்லை என்றால், அன்ட்டுக்குப் பின்னால் உள்ளதுதான் அதற்கு ஏற்றபடி மாற வேண்டும். எனக்குப் பிடித்த மாதிரி வசனத்தை மனதுக்குள் திருத்தி எழுதிக்கொண்டிருந்துதான் நான் எத்தனையோ கேள்வியைத் தவறவிட்டேன்.

இதே சோடிகளை வைத்து வேறு இரண்டு விஷயமும் கேட்பார்கள். ஐதர்–ஓர், நைதர்–நோர் எழுவாயாக வந்தால் வினை தனக்குக் கிட்ட இருக்கிற பெயரைப் பார்க்கும். 'நைதர் த டிரைவர் நோர் த பசென்ஜர்ஸ் வேர் ஹேர்ட்.' இடம் மாற்றி டிரைவரைப் பின்னால் வைத்தால் வொஸ். போத் என்றால் யோசனையே வேண்டாம், எப்போதும் பன்மை. அப்புறம், வசனமே நொட் ஒன்லியில் தொடங்கி அடுத்து முழு வசனம் வந்தால் எழுவாய்க்கு முன்னால் டிட், இஸ், ஹேஸ் மாதிரி ஒரு துணைவினை வர வேண்டும்: 'நொட் ஒன்லி டிட் த பஸ் கம் லேட், பட் இட் ஓல்சோ புரோக் டவுன்.' 'பட்' என்பதற்குப் பின்னால் வழக்கமான ஒழுங்குதான். ஓல்சோ, 'பட்' என்பதை விட்டுத் தள்ளி நிற்பதைப் பார்த்துப் பிழை என்று கோடு போட்டுவிடாதீர்கள், அது அங்கே நிற்கலாம்.

நீங்கள் எழுதப்போவது ஐஈஎல்டிஎஸ் என்றால் இலக்கணத்துக்கென்று தனிப் பகுதியே கிடையாது. எழுத்துப் பகுதியிலும் பேச்சுப் பகுதியிலும் புள்ளியில் இலக்கணத்துக்குக் கால்வாசிப் பங்கு உண்டு, அவ்வளவுதான். அதற்காக ஒவ்வொரு பந்தியிலும் நொட் ஒன்லி போட்டு அலங்கரிக்க வேண்டாம். ஒரு கட்டுரைக்கு ஒன்று, அதுவும் இரண்டு பக்கமும் சரியாக நிற்கிற ஒன்று போதும்.

அக்காவின் மகளுக்கு நான் வழக்கமாகக் கொடுக்கிற வசனம் ஒன்றை உங்களுக்கும் தருகிறேன்: 'ஷி இஸ் நைதர் இன்டரெஸ்டட் இன் மெத்ஸ் நோர் சயன்ஸ்.' நோருக்குப் பின்னால் இன்னொரு 'இன்' போட்டால் சரியாகிவிடும் என்றுதான் அவளும் முதலில் சொன்னாள். நைதருக்கு அடுத்து நிற்பது இன்டரெஸ்டட், ஆகவே அது போதாது. ஒரு சொல்லைக்கூடக் கூட்டாமல், நைதரை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள். வரக்கூடிய இடம் இரண்டு இருக்கிறது, ஒன்றில் மட்டும்தான் 'இன்' இரண்டு தரம் தேவையில்லை.