ஆசு போகல, ஆசிரியர் போயிட்டாரு

கேள்வி: ஆசிரியர் அவர்களே, ஆசிரியர்கள் ஏன் வேலையை விட்டுட்டு ஓடுறாங்க? இந்தப் பற்றாக்குறைக்கு என்னதான் வழி?

பதில்: ஒரே வரியில ரெண்டு ஆசிரியர் போட்டுட்டீங்க, அதுல முதல் ஆள் பத்திரிகை ஆசிரியரான நான், என்னையும் சேத்துத்தான் ஓடச் சொல்றீங்களோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்.

அந்த 'ஓடுறாங்க' நல்லா இருக்கு. ஆசு + இரியர் = ஆசிரியர்னு தமிழய்யாக்கள் பிரிச்சுக் காட்டுவாங்க. ஆசுன்னா குத்தம், இரிதல்னா தெறிச்சு ஓடுறது, யாரைப் பாத்தா குத்தமெல்லாம் ஓடுதோ அவரு ஆசிரியர். (உடனே 'அது ஆசார்யங்கிற வடசொல் அய்யா'ன்னு கடுதாசி போடுற அந்த நாலு பேருக்கு: தெரியும்யா. போன தடவையும் தெரியும், அதுக்கு முந்தின தடவையும் தெரியும். அழகா இருக்கேன்னு சொல்றேன், விடுங்களேன்.) இப்ப என்னன்னா ஆசு கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கு, இரியர்தான் இரிஞ்சுக்கிட்டு இருக்காரு.

எங்க ஆபீஸ்ல பிழை திருத்துறவரு பதினோரு வருஷம் வாத்தியாரா இருந்தவரு. நான் ஒற்று விட்டா ஓரத்துல சிவப்புல 'மூணு தடவை எழுதவும்'னு போட்டு அனுப்புவாரு. பசங்க தொல்லை தாங்காம வந்துட்டீங்களான்னு கேட்டேன். "பசங்களைப் பாக்கவே நேரமில்லையே சார்"னாரு. வருகைப் பதிவு ஒருதடவை நோட்டுல, ஒருதடவை ஆப்புல, அந்த ஆப் சுத்திக்கிட்டே இருக்கும், லீவு போட்ட இன்னொருத்தர் கிளாஸும் இவரு தலையில, அப்புறம் நடத்துன பாடத்தைப் படம் புடிச்சு வேற அனுப்பணும். ஒருநாள் போர்டுல கணக்கைப் பாதி போட்டுட்டு ஏதோ படிவம் கேட்டாங்கன்னு ஆபீஸ் ரூமுக்குப் போயிருக்காரு. திரும்பி வந்தா பெல் அடிச்சாச்சு. ஒரு பொண்ணு மட்டும் மீதிக்கணக்குக்காக நோட்டைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சாம். அன்னிக்கு விட்டுப்போச்சுங்கிறாரு.

இவரு மாதிரி எத்தனை பேருன்னு யுனெஸ்கோ கணக்கு போட்டிருக்கு. உலகம் பூரா தொடக்கப்பள்ளியில 2015ல வருஷத்துக்கு நூத்துக்கு 4.6 பேர் விட்டுட்டுப் போனாங்க, 2022ல 9 பேர். 2030க்குள்ள 4 கோடியே 40 லட்சம் பேர் வேணுமாம், அதுல பாதிக்கு மேல போனவங்க இடத்தை நிரப்பத்தான். அமெரிக்காவுல ரிச்சர்ட் இங்கர்சால்னு ஒரு ஆய்வாளர், அவரும் ஸ்கூல் வாத்தியாரா இருந்துட்டு வந்தவருதான், 2000களோட ஆரம்பத்துலயே சொல்லிட்டாரு, ஆள் சேக்குறது ஓட்டை வாளியில தண்ணி ஊத்துற கதைன்னு. யாரு கேட்டா, இன்னமும் குழாயைத்தான் பெருசாக்கிக்கிட்டு இருக்கோம்.

வழி ஒண்ணும் ரகசியமில்ல. அதே படிப்பு படிச்சவன் வேற வேலையில வாங்குற சம்பளம், படிவத்துக்கு ஒரு கிளார்க், புதுசா வர்றவருக்கு முதல் ரெண்டு மூணு வருஷம் பக்கத்துல ஒரு சீனியர். 1966ல யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேந்து போட்ட பரிந்துரையிலயே சம்பளம், வேலை நேரம், கிளாஸ்ல எத்தனை பேருங்கிறது வரைக்கும் இருக்கு. அந்தப் பரிந்துரை வந்த நாளைத்தான் அக்டோபர் 5ல உலக ஆசிரியர் தினம்னு கொண்டாடுறோம். எப்படிக் கொண்டாடுறோம்? கவிதை எழுதி. வருஷா வருஷம் எனக்கு ஒரு கட்டு வரும், எல்லாத்துலயும் ஆசிரியர் ஒண்ணு ஏணி, இல்லன்னா மெழுகுவர்த்தி. ஏணியை மிதிச்சுட்டு மேல போயிடுவாங்க, மெழுகுவர்த்தி உருகித் தீந்துடும், ரெண்டையும் வாழ்த்துன்னு நினைச்சு அனுப்புறாங்க பாருங்க. 'புனிதமான தொழில்'னு எவனாவது ஆரம்பிச்சா, காசு குடுக்க மனசில்லன்னு அர்த்தம். இதை நான் எழுதாத வருஷமே கிடையாது.

இந்தப் பதிலைத் திருத்தக் குடுத்தேன். 'சம்பளம்'ங்கிற வார்த்தை வந்த இடத்துல எல்லாம் சிவப்புல அடிக்கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருக்காரு. நானும் எழுத்துக் கூட்டிப் பாத்துட்டேன், பிழை ஒண்ணும் தெரியல.