டப்பா சைஸ் செயற்கைக்கோள்கள்

கேள்வி: பல்கலைக்கழக மாணவர்கள் செய்து அனுப்பும் குட்டிச் செயற்கைக்கோள்களால் அறிவியலுக்கு நிஜமாகவே பயன் உண்டா, இல்லை எல்லாம் போட்டோவுக்கும் பயோடேட்டாவுக்கும்தானா?

பதில்: பயோடேட்டாவுக்கும் உதவும், அதை ஏன் மறைப்பானேன்! 1999-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பாப் ட்விக்ஸும் கலிபோர்னியாவின் 'கால் பாலி' பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோர்டி புய்க்-சுவாரியும் 10 சென்டிமீட்டர் கனசதுரம் என்று 'கியூப்சாட்' எனப்படும் இந்தக் குட்டிச் செயற்கைக்கோளுக்கு அளவு வைத்ததே, ஒரு மாணவர் படிப்பை முடிப்பதற்குள் முழுக் கோளையும் செய்து பார்த்துவிட வேண்டும் என்றுதான். ஆனால் கொலராடோ பல்கலைக்கழக மாணவர்களின் சி.எஸ்.எஸ்.டபிள்யூ.இ. கோளைப் பாருங்கள். அப்படி மூன்று கனசதுரங்களை அடுக்கிய அளவுதான், 2012-ல் மேலே போனது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதித் தெறிக்கும் நியூட்ரான்கள் சிதைந்து, அதில் பிறக்கும் எலக்ட்ரான்கள் பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையங்களில் சிக்கிக்கொள்கின்றன என்று பல பத்தாண்டுகளாக ஓர் ஊகம் இருந்தது இல்லையா, உள்வளையத்தின் உள்விளிம்பில் அதற்கு நேரடி ஆதாரம் கிடைத்தது இந்தக் குட்டிக் கோளின் அளவீட்டில்தான். 2017-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. கோளில் இருந்த முக்கியமான அறிவியல் கருவி ஒன்றே ஒன்று. ஒரு கிலோ எடைக்குள் கேமரா, ஜிபிஎஸ், இன்னும் நாலு சோதனை என்று திணிக்கும் அணிகளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

கேள்வி: சரி, அப்புறம் ஏன் பல கோள்கள் மேலே போனதும் ஒரு சிக்னல்கூட அனுப்பாமல் போய்விடுகின்றன?

பதில்: விண்வெளி மேல் பழி போடுவது சுலபம், பல நேரம் தப்பு தரையிலேயே நடந்திருக்கும். ஆன்டெனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் நீளம் அளக்கும் எஃகு டேப் மாதிரியான பட்டையை மடக்கி நைலான் நூலால் கட்டியிருப்பார்கள், மேலே போய்க் கொஞ்ச நேரம் கழித்து ஒரு ரெசிஸ்டர் சூடாகி நூலை உருக்க வேண்டும், உருகாவிட்டால் உள்ளே எல்லாம் ஒழுங்காக ஓடினாலும் கோள் ஊமைதான். தனித்தனியாகப் பாகங்களைச் சோதித்துவிட்டு, எல்லாம் சேர்ந்த முழுக் கோளை மேசையில் வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்க்க நேரமில்லாமல் கொடுத்துவிடுகிறார்கள். போதாததற்கு, விஷயம் தெரிந்த சீனியர் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆர்.ஏ.எக்ஸ்-1, 2010-ல் போய் இரண்டே மாதத்தில் சோலார் பேனல் கோளாறால் முடங்கியது. காரணத்தைத் தோண்டி எடுத்துத் திருத்தி அடுத்த வருஷமே இரண்டாவதை அனுப்பினார்கள்.

கேள்வி: வேலை முடிந்தால் குப்பைதானே?

பதில்: எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்தது. 400 கி.மீ. என்றால் மெல்லிய காற்றின் இழுப்பிலேயே ஓரிரு வருஷத்தில் இறங்கி எரிந்துவிடும். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் எக்ஸ்.ஐ-4 கோளை 2003-ல் 800 கி.மீ.க்கு மேலே விட்டார்கள், அது இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.