விழப் பழகுதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ட்ரையல்ஸ் மோட்டார் சைக்கிள் பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்கிறேன். நான் இங்கிலாந்தின் லீட்ஸில் வேலை பார்க்கிறேன், வயது 42. சென்ற இலையுதிர் காலத்தில் பழைய பீட்டா 250 வண்டி ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் கிளப்புடன் போய் வருகிறேன்.

சமநிலையும் கிளட்சும் ஓரளவு கைவந்துவிட்டன. விழுவதுதான் வரவில்லை. போன மாதம் இடுப்பளவு உயரமுள்ள ஒரு பாறைத் திட்டில் ஏறப் பார்த்தேன். முன்சக்கரம் மேலே போய்க்கொண்டே இருந்தது. வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்தது. நான் ஹேண்டில்பாரை விடவே இல்லை. வண்டி தொடைமேல் விழுந்தது. வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

கிளப்பில் ஒருவர், "விழுவதைப் பற்றி நினைக்காதே, நினைத்தால் விழுவாய்" என்கிறார். இன்னொருவர் ஜூடோ வகுப்பில் சேர்ந்து உருளக் கற்றுக்கொள் என்கிறார். மனைவி வண்டியை விற்கச் சொல்கிறார். விழுவதைத் தனியாகப் பயிற்சி செய்ய முடியுமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் உங்கள் மணிக்கட்டு. வலது கட்டைவிரலை மேல்நோக்கி விறைப்பாக நீட்டிப் பாருங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரமாக ஒரு சிறு குழி விழும். அந்தக் குழியை இடது கை விரலால் அழுத்துங்கள். சுருக்கென்று வலித்தால் அந்த எக்ஸ்ரேயை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். அங்கே முந்திரிப்பருப்பைப் போல ஸ்கேஃபாய்டு என்று ஓர் எலும்பு இருக்கிறது. மணிக்கட்டின் சிற்றெலும்புகளில் அதிகம் உடைவது அதுதான். உடைவதும் நீங்கள் விழுந்த மாதிரி, கையை நீட்டி ஊன்றும்போதுதான். விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி எடுத்தாலோ, எம்.ஆர்.ஐ. எடுத்தாலோ தெரியவரும். அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் ஒரு முனையிலிருந்துதான் வருகிறது. கவனிக்காமல் விட்டால் மறுமுனை ஒட்டாமலே போய்விடலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படித்தாலும் எனக்குச் சம்மதம்.

ட்ரையல்ஸ் அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். இது வேகப் போட்டி அல்ல. பாறை, ஓடை, சேற்று மேடு என்று இருபுறமும் எல்லை வகுத்த சிறு தடங்கள் இருக்கும். செக்‌ஷன் என்பார்கள். ஏறத்தாழ நடக்கும் வேகத்தில், காலை ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் ஒரு புள்ளி, இருமுறை என்றால் இரண்டு, அதற்குமேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று. விழுந்தாலோ எல்லை தாண்டினாலோ ஐந்து. புள்ளி குறைந்தவர் ஜெயிப்பார். வண்டிக்கு இருக்கை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது, நின்றபடிதான் ஓட்டுவது. எடை சுமார் 70 கிலோ.

இந்தப் புள்ளிக் கணக்கிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. ஐந்துக்கு மேல் அபராதம் இல்லை. அழகாக இறங்கி நின்றாலும் ஐந்து, வண்டிக்கடியில் கிடந்தாலும் ஐந்து. அப்படியிருக்க, முன்சக்கரம் கைமீறிப் போன பிறகும் ஹேண்டில்பாரை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு எதைக் காப்பாற்றப் போகிறோம்? நான் பார்த்த அடிகளில் பெரும்பாலானவை, ஐந்து என்று எப்போதோ முடிவாகிவிட்ட முயற்சியை மூன்றாக்கிவிடலாம் என்று நினைத்தவர்கள் வாங்கியவை. புதியவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கைக்காசு போட்டு வாங்கிய வண்டி, கீறல் விழக்கூடாது என்று கை தானாக இறுகும். பழைய பீட்டாவில் ஏற்கெனவே கீறல் இருக்கும், இன்னும் நாலு விழட்டும்.

"விழுவதைப் பற்றி நினைக்காதே" என்றவரிடம் ஒன்று கேளுங்கள். செக்‌ஷனுக்குள் வண்டியை விடுமுன் எல்லோரும் நடந்து பார்க்கிறார்களே, அவர் அப்போது எதைப் பார்க்கிறார்? சக்கரம் போகும் வழியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்திருக்கிறார். இந்தத் திட்டில் ஏறாவிட்டால் வண்டி எந்தப் பக்கம் சரியும், நான் எந்தப் பக்கம் இறங்குவேன், அங்கே கால் வைக்கத் தரை இருக்கிறதா, இரண்டு கற்களுக்கு நடுவே பாதம் சிக்கும் சந்து இருக்கிறதா என்பதையும் அதே நடையில் பார்த்து முடிக்க வேண்டும். விழும்போது யோசிக்க நேரம் இருக்காது. முன்கூட்டியே எடுத்த முடிவு இருந்தால் உடம்பு அதைச் செய்யும். இல்லாவிட்டால் அதற்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்யும்: இறுகப் பிடித்துக்கொள்ளும்.

டோனி போவ் 2007 முதல் 2024 வரை ஓர் ஆண்டும் விடாமல் வெளிக்களம், உள்ளரங்கம் இரண்டிலும் உலக சாம்பியன். ஸ்பெயினின் கட்டலோனியாக்காரர். அவருடைய உள்ளரங்கப் போட்டிகளின் காணொளிகளில் அவர் ஏறிய இடங்களை எல்லோரும் பார்க்கிறார்கள். ஏற முடியாமல் போன இடங்களை நீங்கள் பாருங்கள். ஆள் உயரத்தைத் தாண்டிய தடை. பின்சக்கரம் விளிம்பைப் பிடிக்காது என்று தெரிந்த கணத்தில் வண்டி வேறு, ஆள் வேறு ஆகிவிடுகிறார்கள். மேலே நிற்கும் உதவியாளர் வண்டியைப் பிடிக்க, இவர் இரண்டு காலில் வந்து இறங்குகிறார். முகத்தில் எரிச்சல் மட்டும் இருக்கும். நமக்கு உதவியாளர் கிடையாது. ஆனால் கைவிடுவதில் அவர் காட்டும் அந்த அவசரம் நமக்கும் வேண்டும்.

இப்போது உங்கள் விழுகை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். முன்சக்கரம் தூக்கியது. உடம்பு பின்னால் போனது. முழங்கைகள் நீண்டன. உடம்பின் எடை முழுக்க இரண்டு கைகளில் தொங்கியது. அப்படித் தொங்கும்போது வலது மணிக்கட்டு கீழ்நோக்கி மடங்கும். மடங்கினால் ஆக்ஸிலேட்டர் திறக்கும். திறந்தால் வண்டி இன்னும் தூக்கும், உடம்பு இன்னும் பின்னால் போகும். நீங்கள் பிடித்துக்கொண்டிருந்ததுதான் வண்டியை உங்கள்மேல் இழுத்துப் போட்டது.

இந்தச் சங்கிலியை அறுக்க ஒரு விரல் போதும். இடது ஆள்காட்டி விரல் எப்போதும் கிளட்ச் லீவர்மேல் இருக்க வேண்டும். இழுத்த உடனே சக்கரத்துக்குப் போகும் விசை நிற்கும். சமநிலைப் புள்ளியைத் தாண்டாத வண்டியாக இருந்தால், கூடவே பின் பிரேக்கையும் மிதித்தால் முன்சக்கரம் இறங்கிவிடும். தாண்டிவிட்டதென்றால் கிளட்சை இழுத்தபடியே இரண்டு கால்களையும் பின்னால் தரையில் வையுங்கள். இருக்கை இல்லாத வண்டியின் சௌகரியம் இதுதான், பின்னால் இறங்கத் தடையே இல்லை. பிறகு கையை விட்டு ஓரமாக விலகுங்கள். நேர் பின்னால் நிற்காதீர்கள், சரிவில் வண்டி திரும்பி வரும், வந்தால் உங்கள்மேல்தான் வரும்.

ஆம், இதைத் தனியாகப் பயிற்சி செய்யலாம், செய்யவும் வேண்டும். புல்தரையில், என்ஜினை அணைத்துவிட்டு, ஃபுட்ரெஸ்டில் நின்று வண்டியைச் சாயவிட்டு இறங்குங்கள். வண்டி விழட்டும், பிடிக்காதீர்கள். விழுகிற வண்டியைப் பிடிக்கப் போய் முதுகைப் பிடித்துக்கொண்டவர்கள் எல்லாக் கிளப்பிலும் உண்டு. பிறகு இலேசான மேட்டில் முதல் கியரில் வேண்டுமென்றே முன்சக்கரத்தைத் தூக்கி, கிளட்சை இழுத்து, பின்னால் இறங்கி நில்லுங்கள். சலிக்கும்வரை செய்யுங்கள். சலிப்புத் தட்டினால் கைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். பழைய மிதிவண்டி இருந்தால் அதிலும் செய்யலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏழுமுறை உலக சாம்பியனான ஜோர்டி தார்ரெஸ் மிதிவண்டி ட்ரையல்ஸிலிருந்து வந்தவர்தான்.

பக்கச் சரிவுகளில் மேட்டுப் பக்கமாகவே இறங்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் இறங்கினால் வண்டி பின்தொடரும். வேறு வழியே இல்லாமல் அந்தப் பக்கம் போக நேர்ந்தால், பக்கத்திலேயே இறங்காமல் எட்டக் குதித்து விலகுங்கள். செங்குத்து இறக்கத்தில் வண்டி கைமீறினால் அதை முன்னே போகவிடுங்கள். கீழே நின்று தடுக்கப் பார்ப்பவர்களை நான் வெறுப்போடு வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

ஜூடோ நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கானோ ஜிகோரோ 1882-இல் கோடோகான் என்ற பள்ளியில் தொடங்கிய கலை அது. அங்கே விழுவதற்குத்தான் முதல் பாடம். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்வது, நீட்டிய கையை ஊன்றாமல் இருப்பது, தோளிலிருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்காக உருள்வது ஆகிய மூன்றும் உங்களுக்கு உதவும். ஆனால் உருள வேகம் வேண்டும். நம் விழுகை பெரும்பாலும் நின்ற இடத்தில் நிகழ்வது. அத்துடன் பாய் விரித்த கூடம் வேறு, கல்லும் முள்ளும் கிடக்கும் ஓடை வேறு. கையால் தரையை அறைந்து அதிர்வைத் தணிக்கும் பழக்கத்தைப் பாறைமேல் காட்டினால் இன்னொரு மணிக்கட்டும் போகும். கால்களில் இறங்குவதுதான் முதல் வழி. இரண்டு எட்டு ஓடி வேகத்தைத் தணிப்பது அடுத்தது. அதுவும் முடியாதபோதுதான் உருள்வது. ஜூடோவைப் பரிந்துரைத்தவர் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறார்.

ஒரு காலத்தில் இந்தப் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும். அந்நாளைய வண்டிகள் நூறு கிலோவுக்கு மேல். நம்மூர்க்காரர்களுக்குப் பிடித்த செய்தி ஒன்று: திருவொற்றியூரில் புல்லட் தயாரிக்கத் தொடங்கியது 1956-இல், அதற்கு முன்பே 1952-இல் ஜானி பிரிட்டன் என்ற வீரர் ராயல் என்ஃபீல்டில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரையலை வென்றிருந்தார். 1957-இலும் வென்றார். அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு உயரமான திட்டுகளில் யாரும் தாவ முடியாது. 1965-இல் சாமி மில்லர் ஸ்பெயின் நாட்டு புல்டாகோவில் அதே போட்டியை வென்ற பிறகு, இலேசான வண்டிகளின் காலம் வந்தது. வண்டி இலேசாக ஆக, தடைகள் உயர்ந்தன. இன்று பின்பக்கமாகக் கவிழ்வது நம் அன்றாடக் கவலையானது இப்படித்தான்.

வண்டியில் இரண்டு காரியம் செய்யுங்கள். கிளட்ச், பிரேக் லீவர்களின் கிளாம்ப் திருகுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். விரலால் இழுக்கும்போது அசையக் கூடாது, உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால் திரும்ப வேண்டும். அப்போதுதான் வண்டி விழும்போது லீவர் உடையாமல் வளைந்துகொடுக்கும். அடுத்தது கில் சுவிட்ச் கயிறு. ஒரு முனை மணிக்கட்டில், மறுமுனையில் சிறு காந்தம். நீங்கள் விலகியதும் காந்தம் டப்பென்று கழன்று என்ஜின் நின்றுவிடும். போட்டியில் இது கட்டாயம் என்பதால் அன்று மட்டும் கட்டிக்கொண்டு, பயிற்சியில் ஹேண்டில்பாரிலேயே சுற்றிவைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தரையில் கிடந்து பின்சக்கரத்தைச் சுழற்றும் வண்டியில் செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட்டின் பற்களை அவர்கள் அருகில் பார்த்ததில்லை போலும். விழுந்து எழுந்ததும், குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவர்களைப் போல உடனே வண்டியை உதைத்துக் கிளப்பாதீர்கள். கை காலை அசைத்துப் பாருங்கள், பிறகு லீவரையும் பிரேக்கையும் பாருங்கள்.

உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வண்டியை விற்க வேண்டாம், தனியாகப் போகாதீர்கள். முழங்கால் கவசமும் முதுகுக் கவசமும் வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. நம்மில் அநேகரைப் போல நீங்களும் இடது காலைத்தான் ஊன்றுவீர்கள் என்று நினைக்கிறேன். வலது பாதம் பின் பிரேக்கில் இருக்கிறது, அதை எடுத்தால் பிரேக் போய்விடும். இடது காலுக்குக் கியர் மாற்றுவதைத் தவிர வேலையில்லை. அதனால் இடப்பக்கம் இறங்குவது தானாகவே பழகிவிடுகிறது, வலப்பக்கம் சரிந்தால் கால் தடுமாறுகிறது. ஆகவே புல்தரைப் பயிற்சியில் இடப்பக்கம் ஒருமுறை என்றால் வலப்பக்கம் இருமுறை விழுங்கள். மணிக்கட்டு தேறிய பின் அதைச் செய்து பார்த்துவிட்டு, எந்தக் கட்டத்தில் தயங்கினீர்கள் என்று எழுதுங்கள். தயங்கும் இடம் தெரிந்தால் அடுத்த பயிற்சியைச் சொல்வது எனக்குச் சுலபம்.