முகவரிக் கட்டம்

அன்புள்ள ஐயா,

முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என்னைப் போன்றவர்களைச் சாதியால் சலுகை பெற்றவர்கள் என்கிறீர்கள். நான் மயிலாப்பூரில் வளர்ந்தவன். தாத்தா பள்ளி ஆசிரியர், அப்பா வங்கி எழுத்தர். இன்றும் வாடகை வீடுதான். என் பள்ளியில் யாரும் யாரிடமும் சாதி கேட்டதில்லை. நல்ல மதிப்பெண் எடுத்தும் விரும்பிய கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. கிராமத்தில் சாதி இருக்கலாம். சென்னையில் இன்று இருப்பது ஏழை, பணக்காரன் என்ற வேறுபாடு மட்டும்தானே? என்னைச் சலுகை பெற்றவன் என்பது எப்படி நியாயம்?

ர., சென்னை

அன்புள்ள ர.,

ஆசைப்பட்ட படிப்பு கைநழுவிப் போவது பெரிய வலி. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் தாத்தா பள்ளி ஆசிரியர் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, நான் சொல்ல வேண்டியதெல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பெரும்பாக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் அதைப் படித்துப் பார்க்க யாரும் இல்லை. அம்மா வீட்டுவேலைக்குப் போகிறவர், அப்பா மாநகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். பெயர், பிறந்த தேதி எல்லாம் பளிச்சென்று சொல்லிக்கொண்டே வந்தவள், முகவரிக் கட்டம் வந்ததும் தயங்கினாள். "பழைய முகவரியைப் போடலாமா சார்?" என்றாள். பழைய முகவரி சிந்தாதிரிப்பேட்டையில், கூவம் கரையில். அந்த வீட்டை இடித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. குடியிருக்கும் வீட்டைவிட இடிந்துபோன வீட்டுக்கு மதிப்பு அதிகம் என்பது பதினேழு வயதில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியபோது, மக்கள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தது. பிறகு அந்த வழக்கம் தேய்ந்தது. 2000 முதல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கம் என்று நகரின் விளிம்புக்கு அனுப்பிக்கொண்டே இருந்தோம். போனவர்களில் பெரும்பகுதி தலித் குடும்பங்கள். கல்வியாண்டின் நடுவில் வீடு இழந்த பிள்ளைகள் பழைய பள்ளியை விட மனமில்லாமல் விடிவதற்குள் பஸ் ஏறினார்கள். முடியாதவர்கள் நின்றுவிட்டார்கள். கண்ணகி நகர் என்று சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்கே இளைஞர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்னையில் யாரும் சாதி கேட்பதில்லை என்கிறீர்கள். முகவரியைக் கேட்டாலே போதுமானதாக இருக்கிறதே!

உங்களுக்குச் சொந்த வீடு இல்லைதான். ஆனால் "சைவக் குடும்பத்துக்கு மட்டும்" என்று எழுதிய வாடகைப் பலகைக்கு முன்னால் உங்கள் அப்பா திரும்பி நடக்க வேண்டியிருந்ததா? உங்கள் பள்ளியில் சாதி கேட்காததற்கும் காரணம் இருக்கலாம். உங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள்? எண்ணிப் பாருங்கள்.

1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லவே ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. இது நடந்து வெகுகாலம் கழியவில்லை; உங்கள் தாத்தாவின் அப்பா அநேகமாக அப்போது இளைஞர். அவர் தன் மகனைப் படிக்கவைக்க முடிந்தது. இந்தப் பெண்ணின் கொள்ளுத்தாத்தாவுக்குத் தெருவே திறக்கவில்லை. உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சேர்ந்த எழுத்து வங்கிக் கணக்கில் தெரியாது. விண்ணப்பம் நிரப்பும்போது தெரியும்.

வறுமைதான் அளவுகோல் என்றால், பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு என்று 2019இல் வந்த 10 சதவீத ஒதுக்கீட்டைப் பாருங்கள். அதில் பட்டியல் சாதி ஏழைக்கு இடமில்லை. அவர்களை விலக்கியது சரியல்ல என்று 2022இல் உச்ச நீதிமன்ற அமர்வின் ஐந்து நீதிபதிகளில் இருவர் எழுதினார்கள். அவளுக்குத்தான் வேறு ஒதுக்கீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அது ஏழ்மைக்காகக் கொடுத்தது அல்ல, தலைமுறை தலைமுறையாக வாசலிலேயே நிறுத்திவைத்ததற்காகக் கொடுத்தது. நீங்கள் நிறுத்தவில்லை, உங்களைக் குற்றவாளி என்று நான் சொல்லவும் இல்லை. திறந்திருந்த வாசல் வழியாக நீங்கள் வந்தீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அந்தப் பெண் அன்று சற்று யோசித்துவிட்டு, பெரும்பாக்கம் என்றே எழுதச் சொன்னாள். "பிளாக் எண்ணை மட்டும் பெரிதாக எழுதுங்கள் சார். இங்கே எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி இருக்கும், கடிதம் வந்தால் தவறிவிடும்" என்றாள்.

அன்புடன்